முனை கிழிந்த ஓலை

கோட்டைக்குப்பம்
ஈசுர வருஷம், ஆடி 8

கடல் காற்றில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டிய என் மகன் தாமோதரனுக்கு, நைனா எழுதுவது.

உன் மகள் அடிக்கும் கூத்தை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கோயிலில் நான் கதை படிக்கிற ஏட்டைக் கயிறு அவிழ்த்து நிழலில் உலர்த்தியிருந்தேன். காந்தா அதன் நடுவில் போய் உட்கார்ந்து, ஒவ்வோர் ஓலையாகப் புரட்டி, விரலை ஓட்டி, என் ராகத்திலேயே இழுக்கிறாள். நான் இருமுகிற இடத்தில் அவளும் இருமுகிறாள். ஓலையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். திருப்பிக் கொடுத்தேன், கோபம் வந்துவிட்டது. இரண்டரை வயதுக் கழுதைக்கு எவ்வளவு ரோஷம்.

போன வாரம் அகரத்தைத் தொட்டு "எறா" என்றாள். சுருண்ட இறால் மாதிரிதான் இருக்கிறது. அறுபது வயசு வரைக்கும் எனக்கு அது தோன்றவில்லை. உன் பழைய ஓலையிலும் தேடி ஏழு இறால் பிடித்தாள். இவளைப் பெற்ற லோகநாயகி இதைப் பார்க்காமல் பிரசவத்திலேயே போய்விட்டாளே என்று அழுதேன்.

நேற்று முதல் குழந்தைக்கு உடம்பு சுடுகிறது. வைத்தியர் கஷாயம் கொடுத்திருக்கிறார். தையில் வருகிறேன் என்ற சொல்லை மாற்றாதே.

சுப்பராயலு


கொழும்பு
ஆவணி 20

நைனா அவர்களுக்கு, தாமோதரன் வணக்கம்.

காய்ச்சல் என்று எழுதியதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நான் கிளம்பும்போது அவளுக்குக் குப்புற விழத்தான் தெரியும். அவள் ஏடு புரட்டுவதை நான் பார்க்க வேண்டும். தையில் உலாந்தா டச்சுக்காரன் கப்பலில் என் வேலைக் கெடு முடிகிறது. இன்னும் ஐந்து வருஷம் ஜாவாப் பக்கம் பத்தாவியாவுக்குப் போகிறாயா என்று அதிகாரி கேட்டான். வீட்டில் மகள் இருக்கிறாள், மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு எப்படி இருக்கிறது என்று உடனே எழுதுங்கள்.

தாமோதரன்


கோட்டைக்குப்பம்
புரட்டாசி 25

மகனே,

காந்தா பிழைத்துவிட்டாள். பதினெட்டு நாள் என்னையும் வைத்தியரையும் ஆட்டிவைத்தாள். எழுந்து உட்கார்ந்ததும் கஞ்சி கேட்கவில்லை, ஏடு கேட்டாள். இப்போது வலையைப் பார்த்தாலும் முடிச்சு முடிச்சாக விரல் வைத்துப் படிக்கிறாள்.

ஓரத்தில் ஒரு வரி: எழுதி முடித்துக் கீழே வைத்த நேரத்தில் இவள் இந்த ஓலையின் முனையைக் கடித்துக் கிழித்துவிட்டாள். நம்மில் சாவுச் சேதிக்குத்தான் முனை கிழிப்பது வழக்கம். வேறு எழுத நேரமில்லை, நாகப்பட்டினம் போகிற தோணி பாய் விரித்துவிட்டது. மழைக்கு முன் இதுதான் கடைசித் தோணி. நீ பயந்துவிடாதே. கிழித்தவள் உன் மகள்.

சுப்பராயலு


கொழும்பு
தை 5

நைனா,

ஓலை வந்தது. முனை கிழிந்திருந்தது. வெளியே உங்கள் கையெழுத்து. அப்படியானால் போனது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சாவோலை கப்பலில் இருந்தால் ஆகாது, "தூக்கிப் போட்றா"னு நம் பக்கத்து ஆட்கள் சத்தம் போட்டார்கள். பிரிக்காமலே கடலில் விட்டுத் தலை முழுகினேன். பிரித்தால் மட்டும் என்ன? எந்த நாள், எந்த நாழிகை என்று எழுதியிருப்பீர்கள். அதைப் படிக்க எனக்குத் தெம்பு இல்லை.

நீங்கள் தனியாக இருப்பதை மறக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் கால் வைக்க என்னால் முடியாது. பத்தாவியாவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பன்னிரண்டாம் தேதி கப்பல். என்னை மன்னித்துவிடுங்கள்.

தாமோதரன்


கோட்டைக்குப்பம்
மாசி 13

தாமோதரா,

உன் மகள் உயிரோடு இருக்கிறாள். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

நீ கப்பல் ஏறி இருபது நாள் கழித்துத்தான் உன் ஓலை என் கைக்கு வந்தது. கோட்டைக்கு ஓடினேன். அங்கே இருக்கிற உலாந்தா எழுத்தர், போன கப்பலைக் கூப்பிட முடியாது என்று தன்மையாகத்தான் சொன்னார். இதையே மூன்று ஓலையில் எழுதி மூன்று கப்பலில் ஏற்றுகிறேன். ஒன்றாவது வந்து சேரட்டும். ஐந்து வருஷம் நான் இருப்பேனா என்று தெரியாது.

தப்பு என்னுடையது. தோணிக்காரனை ஒரு நாழிகை நிறுத்தி வேறு ஓலை எழுதியிருக்கலாம். குழந்தை கடித்தது எனக்கு அன்று வேடிக்கையாக இருந்தது, அதனால் அப்படியே அனுப்பினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உன் ஓலையைப் படித்த அன்று, அவள் வழக்கம்போல மடியில் ஏறி, "நைனா இன்னா சொல்றாரு?"னு உன்னைப் பற்றிக் கேட்டு ஓலையைப் பிடித்தாள். அவள் கையில் ஓங்கி அடித்துவிட்டேன். நான் அவளை அடித்தது அதுதான் முதல் தடவை. அவள் அழவில்லை.

அன்று முதல் ஏட்டை எடுத்து முன்னால் வைத்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். தூரத்திலிருந்து பார்க்கிறாள். கிட்டே வருவதில்லை.

சுப்பராயலு