கதவு மூடினால்தான் ஓடும் இயந்திரம்

உன் அப்பா உள்ளேயிருந்து உன் பெட்டியைத் தூக்கிவந்து திறந்தார். "ஒனக்குச் சரியா இருக்கிறத எடுத்துக்கம்மா" என்றார். உன் சாம்பல் நிற ஸ்வெட்டரை எடுத்தேன். பரிசோதனைக்கூடத்தில் பாகங்களைத் துடைப்போமே, அந்த ஸ்பிரிட் வாசனை அதன் கைகளில் இன்னும் இருந்தது. உங்கள் பெல்மதுளை வீட்டின் புழுக்கத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் யட்டியாந்தோட்டை ரப்பர் தோட்டத்துக்காரி. நீ இந்தத் தேயிலைத் தோட்டம். இலங்கையைவிட்டு வெகுதூரம், பனி பெய்யும் ஒரு நாட்டில், துகள்முடுக்கி ஒன்றுக்கு எலெக்ட்ரான்களைக் கக்கும் கருவி செய்யும் வேலையில் சந்தித்தோம். "நீங்க நம்ம பக்கமா?" என்று கேட்டாய். சில நாளில் 'நீங்க' போய் 'வாடி போடி' வந்துவிட்டது.

உலோகத் தகட்டின்மேல் மெல்லிய பூச்சு. அதில் லேசர் ஒளி பட்டால் எலெக்ட்ரான்கள் கிளம்பும். துளி காற்றுப் பட்டாலும் பூச்சு செத்துவிடும். அதனால் பூச்சு போடும் மூடிய கலத்தைச் சூடாக்கி, உள்ளே ஒட்டிய ஈரம் முழுவதையும் பம்ப் உறிஞ்சும்வரை நாள்கணக்கில் காத்திருப்போம். நான் பொறுமை இழந்தால், 'சரி சரி' என்பதைச் சிங்களத்தில் சொல்லி, "ஹரி ஹரி, கத்தாத. உள்ள இன்னும் காத்து இருக்கு" என்பாய். பல பூச்சுகள் வீணாயின. கடைசியில் ஒருநாள், எலெக்ட்ரான் ஓட்டத்தைக் காட்டும் மீட்டரில் எண் அசைந்தது. "வந்துருச்சுடீ!" என்று கூவினாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தமிழ் புரிந்தது எனக்கு மட்டும்தான்.

அந்தக் குளிர்காலத்தில் உனக்கு ரத்தத்தில் நோய் என்றார்கள். பனி உருகியபோது நீ இல்லை.

உன் அப்பா பால் விடாத பிளேன்டீயை நீட்டினார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "ஒண்ணு கேக்கவா புள்ள? அந்த மெசின் கதிருதான் எம்மகளக் கொன்னுச்சா?"

இதைக் கேட்கத்தான் என்னை வரச்சொல்லியிருக்கிறார்.

"இல்லீங்கப்பா. அது கனத்த செவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. கதவு மூடினாத்தான் ஓடும். தொறந்தா தானா நின்னுரும். எங்க உடம்புல கதிர் பட்டுச்சான்னு எப்பவும் அளந்து பார்ப்பாங்க. அவளுக்கு ஒண்ணும் படல."

"அப்ப எதுனாலம்மா?"

"டாக்டர்மாருக்கே தெரியலீங்கப்பா."

பெட்டியை மூடினார். "மெசின்னு சொல்லியிருந்தா அதையாவது திட்டிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஓர் எதிரி. அதையும் நான் பிடுங்கிவிட்டேன். ஆனாலும் நீ ஆசையாகச் செய்த வேலையின்மேல் பொய்ப்பழி போட எனக்கு மனம் வரவில்லை.

பஸ்ஸுக்கு ரோட்டுவரை கூடவே வந்தார். "இனி அந்த வேலையெல்லாம் நீதான் பாக்கணுமா?"

"ஆமாங்கப்பா."

"தனியாவா?"

பரிசோதனைக்கூடத்தில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நல்லவர்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டது அதையல்ல, நீ இல்லாமலா என்று. பஸ் வந்தது, ஏறிவிட்டேன். நாளை விமானம். 'தனியாவா' என்ற அந்த ஒரு சொல்லோடுதான் திரும்பிப் போகிறேன்.