ஸ்டெல்லா யாருடையது?

செப்டம்பர் 21

இன்றும் மாதா கோவிலில் ரெனிஷ் நாலு வரிசை தள்ளித் தனியாக உட்கார்ந்திருந்தான். ஷைன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷைன் என் புருஷன், ரெனிஷ் என் தம்பி. பூசை முழுக்க எனக்குக் கழுத்து வலி.

எல்லாம் ஸ்டெல்லாவால். இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய மீன்பிடி போட். கிரீன் கார்டு வருவதற்குள் போட் வைத்திருந்தால் கேள்வி கேட்பார்கள் என்று ரெனிஷுக்குப் பயம். அதனால் பதிவு ஷைன் பேரில் மட்டும். போட்டுக்கும் கிரீன் கார்டுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் நாங்கள் எல்லோருமே அப்படித்தான், தும்மினால்கூட ஃபைலுக்கு ஆகாது என்று நினைக்கிற கூட்டம்.

போன வாரப் புயலில், பெர்த் அம்பாய் படகுத்துறையில் இருவரும் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, போட் கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் ரெனிஷ் நண்பனின் படகில் போய், நாணலுக்குள் சிக்கியிருந்ததை இழுத்து வந்து வேறு இடத்தில் கட்டிவிட்டான்.

"அத்தான் போனா போவுதுன்னு விட்டுட்டார். நான் எடுத்தேன். இனி அது என்னுது."

"பேப்பர்ல யார் பேரு இருக்கு?" என்கிறார் இவர்.

செப்டம்பர் 23

மீன் குழம்பு மிஞ்சிவிட்டது. சாப்பிட ரெனிஷ் இல்லையே.

செப்டம்பர் 27

வேலை பார்த்துக்கொண்டே நான் எழுதும் ஆய்வேடு இதைப் பற்றித்தான்: பதினேழாம் நூற்றாண்டு லண்டனில், புயலில் விட்ட கப்பலை யாரோ கரை சேர்த்தால் அது யாருக்கு என்று கடல் நீதிமன்றத்தில் நடந்த வழக்குகள். ஊருக்குத்தான் உபதேசம்.

ரெனிஷை அழைத்து அந்தச் சட்டத்தைச் சொன்னேன். திரும்பி வரும் எண்ணத்தோடு விட்டுப்போனால் அது கைவிட்டதாகாது, காப்பாற்றியவருக்கு வெகுமதி உண்டு, கப்பல் சொந்தக்காரருக்குத்தான் என்று.

"சட்டம் பேசுறியா அக்கா?" என்று போனை வைத்துவிட்டான். எனக்கு வாய் சும்மா இருக்காதா?

அக்டோபர் 4

ஒரு வழக்கில் கேப்டன் "கப்பல் தொலையட்டும்" என்றதாக மாலுமிகள் சாட்சி சொல்கிறார்கள். அவன் கைகழுவிவிட்டான் என்பதற்கு அதுவே ஆதாரம் என்று எழுதியிருந்தேன். பேராசிரியர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்: யாரிடம் சொன்னான்?

தேடினேன். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கப்பலுக்கு நீந்தக் கிளம்பிய ஒரு மாலுமியிடம்.

லேப்டாப்பை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். ஷைன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். புயலன்றைக்கு ஏன் ரெனிஷிடம் "போனா போவுது" என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உன் தம்பி ஷூவக் கழட்டிட்டு நின்னான், ஜெயா. அந்த அலையில குதிக்கப் போறவன்கிட்ட வேற என்ன சொல்ல?"

"இத அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவனுக்கே தெரியாதா?"

தெரியாது. இந்த ஆண்கள் — எதைத்தான் வாய் திறந்து சொல்வார்கள்? அழுதேன். வெங்காயத்தின்மேல் பழி போட்டேன்.

அக்டோபர் 5

ரெனிஷ் வீட்டுக்குப் போனேன். இந்த முறை சட்டம் பேசவில்லை. ஷைன் சொன்னதை அப்படியே சொன்னேன். வெகுநேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் ஷூவக் கழட்டினத அத்தான் பார்த்தாரா?"

அவ்வளவுதான் கேட்டான்.

அக்டோபர் 18

ஸ்டெல்லா பழைய இடத்துக்கு வந்துவிட்டாள். பதிவில் இப்போது இரண்டு பேர். கிரீன் கார்டு என்னாகும் என்று கேட்டதற்கு வக்கீல் சிரித்தே விட்டாராம். ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தைத் திருப்பி எழுதுகிறேன். மேலே "யாரிடம்?" என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 2

மறுபடியும் புயல் எச்சரிக்கை. ரெனிஷ் போட்டைக் கட்டப் போயிருக்கிறான். ஷைனுக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார்.

"இன்னொரு கயிறு போட்டுக் கட்டு. அதையும் அறுத்துட்டுப் போனா போவுது. நீ வந்துடு."

"சரி அத்தான். ஷூ கால்லதான் இருக்கு."

குக்கரில் அவனுக்கும் சேர்த்து அரிசி போட்டேன்.