செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட தாய்

மார்ச் 11
பழ ஈயின் புழுவைக் கீறி, எள்ளில் பாதிகூட இல்லாத நரம்புத் தண்டை உருவி எடுத்தேன். ஐம்பத்திரண்டு வயதில் கண்ணுக்கு மை இட்டால் கன்னத்தில் போய் நிற்கிறது. இது மட்டும் கை வருகிறது.

உள்ளே நரம்புச் செல்களைப் பெறும் தாய்ச்செல்கள். ஒவ்வொருத்தியும் பிரிந்து பிரிந்து பிள்ளைகளைத் தள்ளிவிட்டுத் தான் மட்டும் தாயாகவே இருப்பாள். எந்த ஈயைத் திறந்தாலும் ஒவ்வொருத்திக்கும் அதே இருக்கை, அதே பிள்ளை வரிசை. எங்கள் மொண்டேவிடியோ நகரில் ஒரு பேருந்துகூட இப்படி ஒழுங்காக வந்ததில்லை.

ஓரத்து இருக்கைக்காரி மட்டும், புழு முட்டையிலிருந்து வந்தபின் தென்படுவதில்லை. செத்துவிட்டாள் என்று எங்கள் ஆய்வகத் தலைவி ஸூல்மா என்றோ எழுதிவிட்டாள். உலகமும் துக்கம் அனுசரித்துவிட்டது. மற்றவர்கள் புழு பொரியும் தறுவாயில் பிரிவதை நிறுத்தித் தூங்கி, அது தின்னத் தொடங்கியதும் விழிக்கிறார்கள். இவளும் ஏன் தூங்கக்கூடாது? ஆறு வருடமாக இதே கேள்வி. என் முன்னாள் கணவரையே இத்தனை நாள் தேடியதில்லை.

இன்று ஸூல்மா சொல்லிவிட்டாள்: "நெலிடா, ஈஸ்டர் லீவுக்குள்ள அவளக் காட்டு. இல்லேன்னா அந்த ஈயெல்லாம் குப்பைக்கு."

மார்ச் 19
ஈக்களுக்குள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறோம். சூடு பட்ட நேரத்தில் எந்தச் செல்கள் பிரிகின்றனவோ, அவற்றில் சிலவும் அவற்றின் வாரிசுகளும் பச்சையாக ஒளிரும். பொரிந்த புழுக்களுக்குச் சூடு காட்டினேன். ஓரத்து இருக்கை இருட்டு.

மார்ச் 21
இருட்டு.

மார்ச் 24
வில்மாரைக் கொன்றிருப்பேன். பக்கத்து மேசைக்காரன், மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சாமல் ஒரு வார்த்தை பேசமாட்டான், வெந்நீர் ஃப்ளாஸ்க்கை அக்குளில் இடுக்காமல் ஓரடி வைக்கமாட்டான். ஃப்ளாஸ்க் உள்ளே உடைந்து வெளியே காய்ச்சல்காரக் குழந்தைபோல் சுடும். அதை என் ஈக் குழாய்களின்மேல் சாய்த்துவிட்டு, மீன் பரிசோதனைக் கூடத்து டீச்சருக்கும் அவள் இரண்டாம் மாப்பிள்ளைக்கும் நடந்த சண்டையை அரைமணி நேரம் சொன்னான். நானும் வாயைப் பிளந்து கேட்டேன் என்பது வேறு விஷயம்.

குழாய்களில் இருந்தவை காலையில் இட்ட முட்டைகள். இன்னும் பொரியவே இல்லை — அதற்குள் சூடு!

"முட்டதானம்மா, ஆம்லெட் போட்டுக்கோ" என்றான். குழாய்களை மூலையில் தள்ளி வைத்தேன்.

மார்ச் 29
ஃப்ளாஸ்க் சூடு பட்ட குழாய்களை எறிவதற்கு முன் ஒரு புழுவைத் திறந்தேன்.

எப்படி எழுதுவேன். ஓரத்து இருக்கையில் — பச்சை. தலைமாட்டில் பெரிய உருண்டையாகத் தாய். கீழே பிள்ளைகள், மூத்தது ஆழத்தில், கடைக்குட்டி அவள் மடியில். எல்லாருடைய இழைகளும் ஒரே கட்டாகச் சேர்ந்து தண்டின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகின்றன. வழி யார் சொன்னது அவர்களுக்கு? மூச்சு விட்டால் கலைந்துவிடும் என்று பயந்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன், கண்ணாடிக்கு அடியில் இருப்பதற்குப் போய்.

பிறகுதான் உறைத்தது. பிரியும்போது மட்டும் ஒட்டும் பச்சைச் சாயத்தைத் தூங்குகிறவள்மேல் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன். முட்டைக்குள் விழித்திருந்தபோதே பூசியிருக்க வேண்டும். முதல் வருடப் பிள்ளைகள்கூட விழுந்து விழுந்து சிரிக்கும்.

வில்மாருக்கு ஒரு சாக்லேட் அல்ஃபஹோர் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். ஏன் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 1
காட்டினேன். ஸூல்மா அசையவில்லை. "ஃப்ளாஸ்க்குல பொறந்ததுக்கெல்லாம் நான் பேர் வைக்க முடியாது. தண்ணித் தொட்டியில ஒழுங்கா சூடு குடுத்து, திரும்பக் காட்டு."

நியாயம்தான். நியாயம் எரிச்சலாக இருக்கிறது.

ஏப்ரல் 9
தொட்டிச் சூட்டிலும் ஓரத்து இருக்கைக்காரி மறுபடி வந்துவிட்டாள். ஒன்றில் மட்டுமல்ல, பல புழுக்களில். அதே இருக்கை, அதே இழைக்கட்டு.

ஸூல்மாவைக் கூப்பிட்டேன். நுண்ணோக்கியில் குனிந்தவள் நிமிரவில்லை. கடைசியில், குனிந்தபடியே, "இவ்வளவு நாளா இங்கயா இருந்த" என்றாள். என்னிடம் இல்லை.

ஏப்ரல் 11
லீவுக்கு முந்தைய கடைசி வகுப்பு. பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஸூல்மா வழக்கம்போல் தாய்ச்செல் வம்சத்தைக் கரும்பலகையில் வரைந்தாள். ஓரத்து இருக்கைக்கு வந்ததும் செத்தவள் என்று பெருக்கல் குறி போடுவது அவள் வழக்கம். இன்று சாக்கட்டி அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, குறி போடாமல், கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்தாள். பலகை முடியும் வரை.