துடைத்தும் போகாத வெள்ளை

வீரபாண்டி,
ஆவணி 12

அன்பு மகள் மைதிலிக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

அம்மா சுகம். உன் ஹாஸ்டலில் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்ததா? பரீட்சைத் தேதி தெரிந்ததா?

ஒரு வாரமாக நீ கூப்பிட்டால் நான் போனை எடுப்பதில்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டாயாம். கோபமில்லை கண்ணு. நாக்குப் புரளவில்லை. நான் பேசினாலே நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயம். அதனால்தான் எழுதுகிறேன்.

சித்திரை நோம்பி லீவுக்கு வந்தபோது டார்ச் அடித்து என் வாயைப் பார்த்தாய். இடது கன்னத்தின் உள்ளே இருந்த வெள்ளையைப் பஞ்சால் துடைத்துவிட்டு, "அப்பா, இது தொடச்சும் போகலீங்க. டாக்டர்கிட்டப் போலாமுங்க" என்றாய். நர்சிங் சேர்ந்து ஒரு வருடத்தில் பெரிய டாக்டராகிவிட்டாயா என்று அதட்டினேன். நீ பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாய்.

அப்புறம் மருந்துக் கடையில் கேட்டுத் தடவும் மருந்து வாங்கினேன். பத்து நாள் எரிச்சல் அடங்கும், மறுபடி வரும். மறுபடி அதையே வாங்குவேன். பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் டேபிள் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதற்குப் புகையிலையை அந்தக் கன்னத்தில்தான் அடக்கிக்கொள்வேன். விட்டுவிட்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய். இப்போது நிஜமாகவே விட்டு எட்டு நாள் ஆகிறது.

போன வாரம் சோற்றில் ரத்தம் பார்த்ததும் பல் டாக்டரம்மாவிடம் போனேன். பூஞ்சை இருக்கிறது, சர்க்கரையும் கூடியிருக்கிறது, ஆனால் இத்தனை மாதம் போகாததை வெறும் பூஞ்சை என்று விட முடியாது என்றார். துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். புற்றாக இருக்குமா என்று கேட்டேன். "ரிசல்ட் வரட்டுங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அடுத்த வியாழக்கிழமை வருமாம்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. உடம்புச் சூட்டில் வந்த வாய்ப்புண் என்று நினைத்துத் தினமும் மணத்தக்காளிக் கீரை கடைந்து வைக்கிறாள். நான் விழுங்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். நேற்று, பொங்கலூர்ச் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கென்று எனக்குப் புதுச் சட்டை எடுத்து வந்து முதுகில் வைத்து அளவு பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். முடியவில்லை.

நோயாளி வீட்டாரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருவார்களாமே. அம்மாவிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று எழுது, அம்மிணி. அப்படியே சொல்லிவிடுகிறேன். வியாழனுக்கு முன்னால் கிடைக்கும்படி எழுது. பரீட்சையை விட்டுவிட்டு வந்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா,
சாமியப்பன்