ராஜகிரி உச்சியில் நின்றது நான் இல்லை

அன்பு மகள் எலிசபெத்துக்கு உன் நைனா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அம்மாவும் சுகம், என் முட்டியைத் தவிர. நீ குவைத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டூட்டி முடிந்ததும் ஒழுங்காகத் தூங்குகிறாயா? இங்கே மல்லாட்டை பிடுங்கியாயிற்று, மழைதான் பாதிக் கடலையைக் கெடுத்துவிட்டது. போனில் பேசினால் அழுதுவிடுவேன் போலிருக்கிறது, அதனால்தான் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

நான் வருகிற மூட்டுவலித் தைல விளம்பர வீடியோவைப் பார்த்துவிட்டு, நைனா கோட்டை ஏறிட்டியே, இப்பதான் எனக்கு நிம்மதியா இருக்குது என்றாயே, அந்த வார்த்தை என்னைக் குடைகிறது. அது பொய்யம்மா. நான் ஏறியது அடிவாரத்தில் நாலு படி. ராஜகிரிக் கோட்டை உச்சியில் முதுகைக் காட்டி நிற்பது படம் பிடித்த தைலக் கம்பெனிக்காரர்களோடு வந்த ஆள், என் துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு. தைலத்தை நான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. புது வேட்டி கொடுத்தார்கள், பெரியவர் நடிகர் மாதிரி இருக்கிறார் என்றார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து, நானேதான் ஏறினேன் என்று பூரித்துப்போனேன் என்றால் பார்த்துக்கொள். உன் அம்மா வேறு, மலையே ஏறுற ஆளு, இந்த சிலிண்டரைத் தூக்கி வையேன் என்கிறாள்.

சிங்கவரம் பொன்னுசாமி மாமாவை உனக்குத் தெரியும், என்னோடு மூட்டை தூக்கினவன். பெரியாஸ்பத்திரியில் அவனுக்கு முட்டி ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். என் வீடியோவைப் பார்த்துவிட்டு, ஆபரேஷனே வேண்டாம் என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு கிடக்கிறான். முட்டி வீங்கி, கொல்லைக்குப் போகவும் ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. நேரில் போய், அத்தனையும் நடிப்புடா என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். நான் கண்ணால பாத்தேன்டா, ஒண்ணா மூட்டை தூக்குனோம், உனக்கு மட்டும் சரியானா போதுமா என்று கோபித்துக்கொண்டான். நான் நொண்டிக்கொண்டே எழுந்து வரும்போது, இன்னாத்துக்குடா இப்படி நடிக்கிற என்று கேட்டான். வெட்கத்தில் எனக்குப் பஸ் ஏறவே தோன்றவில்லை, சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரித் தேதி அடுத்த வாரம் கண்ணு. தைலத்தை விட்டுட்டு ஆபரேஷனுக்குப் போங்க மாமா என்று நீ பேசி ஒரு வீடியோ அனுப்பு. நேரில் போய் நின்ற என்னை அவன் நம்பவில்லை, போனில் வருகிற உன்னை நம்புவான். ஞாயிற்றுக்கிழமை பூசையை விடாதே. மாதா உன்னைக் காப்பாற்றட்டும். மறக்காமல் உன் நர்ஸ் உடுப்பிலேயே பேசு, நம் வீட்டு ஆள் வருகிற வீடியோ ஒன்றாவது நிஜமாக இருக்கட்டும்.

உன் நைனா,
அருள்சாமி,
செஞ்சி