ஆறு பேருக்கு ஒரே முகம்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே அப்பாவோடு சண்டை. பிளேடை நான் ஒளித்து வைத்துவிட்டேனாம். ஒளித்துத்தான் வைத்தேன். கை அப்படி நடுங்குகிறது, கன்னத்தைக் கோடு கோடாக வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். "ஊருக்கெல்லாம் மூக்கு செஞ்சவன் நான். என் மூஞ்சிய மழிக்க எனக்குத் தெரியாதா?" என்று ஒரே கத்தல். கடைசியில் நான்தான் மழித்துவிட்டேன். நாக்கைக் கன்னத்துக்குள் தள்ளிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்.

அருங்காட்சியகத்தில் புது இயக்குநர் வெள்ளிக்கிழமை கூட்டம் வைத்திருக்கிறார். மாடிக் கூடத்தைப் பற்றியாம். மாடிக் கூடம் என்றால் தொப்பிக்காரர் சிலை. தொப்பிக்காரர் என்றால் அப்பா.

மார்ச் 7, வெள்ளி

நினைத்தது நடந்துவிட்டது. தொப்பிக்காரரைப் பிரிக்கப் போகிறார்கள். 'போகிறார்கள்' என்ன, பிரிக்க வேண்டியவள் நான்தான். சிலைப் பட்டறையில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

மலைக் கணவாய் ஒன்றைக் கண்டுபிடித்தவர் என்று பெயர் வாங்கியவர். பெரிய தொப்பியோடு பாறைமேல் நின்று கையை நீட்டி வழி காட்டுகிறார். பின்னால் ஆறு சுமைகாரர்கள் மூட்டையோடு குனிந்து வருகிறார்கள். கீழே பலகை: 'கணவாயைக் கண்டறிந்தவரும் அவருடன் சென்றோரும்.' அப்பா இளவயதில் செய்தது. அவர் செய்ததில் இன்றைக்கும் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் கரையான், ஈரம், குடோன் என்று போய்விட்டது. இன்றும் தெருவில் யாராவது "தொப்பிக்காரர செஞ்சவர்தானே நீங்க?" என்று கேட்டால் அப்பாவுக்கு அன்றைக்குப் பசிக்காது.

இயக்குநர் நல்ல மாதிரி. அதுதான் கஷ்டம், கோபப்பட முடியவில்லை. "அந்த வழியா அங்க இருக்கிற ஜனங்க தலைமுறை தலைமுறையா போய்ட்டு வந்துட்டிருந்தாங்க அக்கா. இவர் கண்டுபிடிச்சார்னு நாம பலகை வச்சிருக்கோம். அதை விடுங்க, அந்த ஆறு பேரையும் என்னைக்காவது உத்துப் பாத்தீங்களா? ஆறு பேருக்கும் ஒரே முகம்."

சுருக்கென்றது. வாரம் தவறாமல் தூசி தட்டுகிறேன். தொப்பிக்காரரின் புருவம் எங்கே வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த ஆறு பேர்? கூட்டம் முடிந்ததும் மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆமாம். ஒரே அச்சு. ஒரே மூக்கு, ஒரே வாய்.

அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது?

மார்ச் 8, சனி

சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

அந்த மலைப்பக்கத்துக்காரர் ஒருவரை இயக்குநர் வரவழைத்திருந்தார். கால்நடை மருத்துவர், என் வயதுதான் இருக்கும். அழுவார், இல்லை திட்டுவார் என்று எதிர்பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவர் சிரித்தார்.

"இவர் ஏங்க முன்னாடி நிக்கிறாரு? வழி தெரியாத ஆளை முன்னாடி விட்டா அப்புறம் பள்ளத்துலதான் போய்த் தேடணும்."

சாவிக்கொத்து சத்தமாகச் சிரித்துவிட்டார். அவர் எங்கள் மூத்த காவலர், சாவிக்கொத்து இடுப்பில் குலுங்காமல் நடந்ததில்லை. அப்பா காலத்து ஆள். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகியும் அவருக்கு நான் பாப்பாதான்.

தொப்பிக்காரர் பெயரில் வழங்கும் கணவாய்க்கு அவர்கள் ஊரில் 'மூச்சுவாங்கி' என்று பெயராம். "மேப்புல என்ன பேரு வேணா இருந்துட்டுப் போகட்டும், நாங்க மூச்சுவாங்கினுதான் சொல்லுவோம்" என்றார் மருத்துவர். பிறகு அந்த ஆறு பேர் முன்னால் வெகுநேரம் நின்றார். சிரிப்பு போய்விட்டது. "சுமை இருந்தா குனியத்தான் வேணும். அதுக்காகத் தரையப் பாத்துட்டா போவாங்க? தலையையாவது நிமித்தி விடுங்க."

ஆறு பேருக்கும் வேறு வேறு முகம் செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "அவங்க மூஞ்சி உங்களுக்குத் தெரியுமா? எங்களுக்கே தெரியாது. இல்லாததப் புதுசா கண்டுபிடிக்காதீங்க."

மார்ச் 18, செவ்வாய்

இன்று தலைகளைக் கழற்றினேன். ஒவ்வொரு தலையும் கழுத்துக் கம்பியில் செருகி, திருகாணி போட்டு இருக்கிறது. ஆறையும் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் திக்கென்றது. எந்தத் தலை எந்த உடம்புக்கு என்று குறிக்கவே இல்லை! இந்த வேலைக்கு வந்த முதல் நாளே கற்றுக்கொள்கிற பாடம். இத்தனை வருஷம் கழித்துக் கோட்டைவிட்டேன்.

பதறிக்கொண்டு ஒரு தலையை எடுத்து ஓர் உடம்பில் வைத்தேன். பொருந்தியது. இன்னொன்றை வைத்தேன். அதுவும் பொருந்தியது. எதை எதில் வைத்தாலும் பொருந்துகிறது.

குறித்திருக்கவே வேண்டியதில்லை. அந்தத் தலைகளுக்கு நடுவில் நின்றேன். அப்பாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஏம்ப்பா இப்படி? ஒரு ஆளுக்கு ஒரு மூஞ்சி கூடவா கிடைக்கல உங்களுக்கு?

மார்ச் 19, புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

உடம்புகளைப் பெயர்க்க அடியில் இருந்த பிளாஸ்டர் பாறையையும் ஒட்டி வைத்திருந்த புல்லையும் கொத்தி எடுத்தேன். புல் கணுக்கால் வரைக்கும் இருக்கும். அதற்குள்ளே கால் இருக்காது, வெறும் கட்டைதான் என்று நினைத்திருந்தேன். கால் இருந்தது. விரலோடு, நகத்தோடு. ஒருவருக்குக் குதிகால் வறண்ட குளம் மாதிரி வெடித்திருக்கிறது. ஒருவருக்குப் பெருவிரல் நகமே இல்லை. மூன்றாமவருக்குச் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒருவருக்கு ஒருவர் வேறு. பன்னிரண்டு கால்களும் ஆறு தனித்தனி ஆட்களின் கால்கள்!

தரையில் உட்கார்ந்து அழுதேன். என் அப்பா யார் என்று இத்தனை நாள் எனக்கே தெரியவில்லையே. முகம் தர அவரை விட்டிருக்க மாட்டார்கள், அதனால் யாரும் பார்க்காத இடத்தில் அவர்களை ஒளித்து வைத்திருக்கிறார். இயக்குநரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. அப்பாவுக்குத் தனிப் பலகை வைக்கலாம், பத்திரிகைக்குச் சொல்லலாம் என்றார்.

பறந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பிரிப்பதை, தலைகளை, கால்களை. அப்பா தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

"சந்தை வாசல்ல மூட்டை தூக்குறவங்க காலு அதெல்லாம். அச்சு எடுத்தேன்."

"முகம் ஏம்ப்பா எடுக்கல?"

"முகம்னா நாள் பூரா உக்காரணும், கூலி தரணும். ஒண்ணு போதும்னாரு அப்ப இருந்த அதிகாரி."

"நீங்க எதுத்துக் கேட்டிருப்பீங்களே?"

"கேக்கல."

"அப்ப காலு?"

"காலு செய்யப் பிடிச்சுது, செஞ்சேன். புல்லை ஒட்டி மறைன்னாங்க, மறைச்சேன்."

"இல்லப்பா, உங்க மனசுக்குள்ள…"

"என் மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நீ கண்டுபிடிக்காத. அப்ப என் மனசெல்லாம் அந்தத் தொப்பிக்காரன் மூக்குல இருந்துச்சு. பலகை கிலகை வச்சீங்க, நானே வந்து பிடுங்கிப் போடுவேன்."

எழுந்து உள்ளே போய்விட்டார்.

மார்ச் 20, வியாழன்

அப்பாவுக்குள் எனக்கு ஒரு பெரிய மனிதர் தேவைப்பட்டிருக்கிறார். அவ்வளவுதானோ?

மார்ச் 23, ஞாயிறு

முகம் மழிக்கும்போது அவராகவே பேச்சை எடுத்தார். "பிரிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

தொப்பிக்காரரை ஆறு பேருக்கும் பின்னால், கடைசியில் நிறுத்தப் போவதாகச் சொன்னேன். சோப்பு நுரையோடு கண்ணை மூடிக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன். பிளேடைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டேன், ஏதாவது சொல்லித் துள்ளினால் வெட்டிவிடுமே.

"நிறுத்து. ஆனா வெளிச்சம் இடது பக்கத்துலேருந்து வரணும். அப்பத்தான் மூக்கு எடுப்பா இருக்கும்."

சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார், நுரை என் கைமேல் தெறித்தது. அப்புறம்தான் தொப்பிக்காரரின் நீட்டிய கை பற்றிச் சொன்னேன். கடைசியில் நிற்கிற ஆள் நீட்டிய கையோடு நின்றால் யாருக்கு வழி காட்டுகிறார்? அதுதான் எங்களுக்குப் பிடிபடவில்லை. அப்பா யோசித்தார். தொப்பிக்காரர் மாதிரி தன் வலது கையை நீட்டி, மெல்ல இறக்கி, எதிரில் நின்ற என் புடவை முந்தானையைப் பிடித்தார். மேட்டில் ஏறுகிறவர் முன்னால் போகிறவரைப் பிடிப்பது மாதிரி.

"தோள்ல வெட்டு. வெட்டி, இப்படி வை. முன்னால போறவன் மூட்டைக் கயித்தைப் பிடிச்சுக்கட்டும். அவ்வளவு ஒசரத்துல யாரா இருந்தாலும் எதையாவது பிடிக்கத்தான் வேணும்."

"உங்க கையாலே செஞ்சதுப்பா."

"அதான் சொல்றேன். வெட்டு."

ஏப்ரல் 10, வியாழன்

வெட்டினேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்திலேயே இருந்தார். ரம்பம் தோளில் இறங்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நிறுத்தினேன். "ஏன் நிறுத்தினே? பாதில விட்டா பிசிறடிக்கும்" என்று அதட்டினார். என் அப்பாவை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, இன்றைக்கு.

ஏப்ரல் 27, ஞாயிறு

விடுமுறை நாளில் வேலை. ஆறு கழுத்துக் கம்பிகளையும் நிமிர்த்தியாகிவிட்டது. தலை நிமிர்ந்ததும் அதே முகம்கூட வேறு மாதிரி இருக்கிறது. புல் இல்லை, கால்கள் வெளியே. புதுப் பலகை: 'மூச்சுவாங்கிக் கணவாயில் ஏறுகிறவர்கள். இந்த ஆறு பேருக்கும் ஒரே முகம் வைக்கப்பட்டது. இவர்களுடைய முகங்களும் பெயர்களும் நமக்குத் தெரியாது. கால்கள் சந்தையில் மூட்டை தூக்கியவர்களுடையவை.' அப்பாவின் பெயர் முன்பு போலவே ஓரத்தில், சின்ன எழுத்தில்.

மே 11, ஞாயிறு

இன்று கூடத்தைத் திறந்தார்கள். அப்பா சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லிப் போட்டுக்கொண்டு வந்தார். மருத்துவரும் வந்திருந்தார். முதல் ஆளின் முகத்துக்கு நேராக நின்று, "இப்பப் போய்ச் சேருவாங்க" என்றார். எனக்கு அது போதும்.

பள்ளிச் சிறுமி ஒருத்தி சாவிக்கொத்தின் கையைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, கடைசில தொப்பி போட்டுட்டு நிக்கிறாரே, அவரு யாரு?"

சாவிக்கொத்து இத்தனை வருஷமாக 'கணவாயக் கண்டுபிடிச்சவரு' என்று ஒரே பதிலை ஒப்பித்துக்கொண்டு வந்தவர். வாயைத் திறந்தார், மூடினார், வரிசையை ஒரு தடவை முன்னாலிருந்து பின்வரை பார்த்தார்.

"அவரா? அவரு இவங்க கூடப் போனவரு பாப்பா."

அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். கேட்டாரா என்று தெரியவில்லை. தொப்பிக்காரரின் மூக்கைக்கூட அவர் பார்க்கவில்லை. அவருக்குப் போட்டிருந்த நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் உட்கார்ந்து, மூன்றாமவரின் சுண்டுவிரலை நடுங்கும் கையால் தொட்டுக்கொண்டிருந்தார்.

"இவன் பேரைக் கேட்டேம்மா அன்னிக்கு. சொன்னான். மறந்துட்டேன்."

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றவில்லை. இதை எழுதும்போது பக்கத்து அறையில் இதுவா, அதுவா என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.