தாம்பாளத்தில் வைத்த கார்டு

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து நசநசவென்று மழை. ஷோரூம் வாசலெல்லாம் சேறு. துடைப்பம் வாங்க வேண்டும் (போன வாரமும் இதையேதான் எழுதியிருக்கிறேன்).

மாகறல் சரோஜா அக்காவின் பேட்டரி லோடு ஆட்டோ மறுபடி நடுரோட்டில் நின்றுவிட்டது. மூன்றாவது தடவை. பால் கேன்களோடு, அதுவும் பாலத்தின் மேல். தானாக வேகம் குறைகிறது, நிற்கிறது, பூட்டிக்கொள்கிறது. அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது.

அக்கா வந்ததும் வராததுமாக: "இன்னா வண்டி குடுத்த ரேவதி? இன்னொரு வாட்டி பால் லேட்டாச்சுன்னா ரூட்ட வேற ஆளுக்கு குடுத்துடுவேன்னு சொசைட்டில சொல்லிட்டாங்க."

மெக்கானிக் குமார் அண்ணன் ஒயர், பேட்டரி எல்லாம் பார்த்தாயிற்று. குறையே இல்லை. "பொம்பள ஓட்டுது. எதுனா மாத்தி அமுக்கியிருக்கும்" என்றார். வந்த கோபத்தில் அவருடைய போண்டாவை எடுத்துத் தின்றுவிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில் தலைகாட்டியது. துணி காய்ந்தது.

கம்ப்யூட்டரில் அக்கா வண்டியின் பதிவைத் தோண்டினேன். மூன்று தடவையும் 'பூட்டு' என்ற உத்தரவு ஒரு போனிலிருந்து போயிருக்கிறது. வண்டி திருடு போனால் உரிமையாளர் எங்கிருந்தும் நிறுத்தலாம், அதற்கான வசதி. விற்கும்போது நானே பெருமையாகச் சொல்வேன்.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "என் போன் பையில கீது. வண்டி ஓட்டிக்கினு எவ போன நோண்டுவா?"

பதிவில் இரண்டு போன்கள். ஒன்று அக்காவுடையது. இன்னொன்று யாருடையதோ; பூட்டியது அதுதான். நீக்கினேன். சாயங்காலம் பார்த்தால் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறது. எவனோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அக்காவை நடுரோட்டில் நிறுத்தி விளையாடுகிறான்.

புதுப் போனைச் சேர்க்க, வண்டியோடு கொடுக்கும் கார்டிலுள்ள QR கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். அந்தக் கார்டு அக்கா வீட்டு பீரோவில். பிறகு எப்படி?

நவம்பர் 5, புதன்

பௌர்ணமி. சாப்பாடு இறங்கவில்லை.

எப்படி என்று தெரிந்துவிட்டது. நான்தான்.

டெலிவரி அன்று பூஜை போடுவோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், வண்டிக்கு மாலை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், சாவி, பக்கத்தில் கார்டு. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. தாம்பாளத்தை அக்கா கையில் கொடுத்து, போட்டோ எடுத்து, ஷோரூமின் ஆன்லைன் பக்கத்தில் போட்டதும் நான்தான். பளிச்சென்று இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

அந்தப் போட்டோவை என் போனால் ஸ்கேன் செய்து பார்த்தேன். மூலையில் குங்குமம் பட்டிருந்தும் அக்காவின் வண்டி என் போனில் திறந்துகொண்டது.

இதுவரை எடுத்தவை மொத்தம் நாற்பத்தொரு போட்டோ. நாற்பத்தொரு கார்டு. செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

மேனேஜரிடம் சொன்னேன். "போட்டோவ அழிச்சிட்டு கம்முனு இரும்மா. வெளிய தெரிஞ்சா உன் வேலைதான் போவும்."

அழித்துவிட்டேன். ஆனால் எடுத்தவனிடம் இருக்குமே. கம்மென்று இருந்தால் என் வேலை தங்கும், அக்காவின் ரூட் போய்விடும்.

நவம்பர் 6, வியாழன்

கம்மென்று இருக்க முடியவில்லை. காலை ஒன்பதுக்கே கம்பெனியின் சென்னை ஆபீசுக்கு போன். வண்டிப் பாதுகாப்புப் பிரிவில் ஒரு மேடம். நடந்ததையெல்லாம் ஒப்பித்தேன். திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"மறைக்காம சொன்னீங்களே. இது வேற ஊர்லயும் நடந்திருக்கும்" என்றார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர்.

செய்தவை:
– அந்தப் போனை நீக்கியாயிற்று. சைபர் கிரைமில் புகார்.
– இனி புதுப் போன் சேர வேண்டுமானால் உரிமையாளரின் போனில் அனுமதி கேட்கும். எல்லா வண்டிக்கும்.
– புதுக் கார்டு அடுத்த வாரம்.
– நாற்பத்தொரு பேரிடமும் நானே பேச வேண்டும். பேசியது 26. தொண்டை கட்டிவிட்டது.

மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். போகட்டும். குமார் அண்ணன் கேட்காமலே போண்டா வாங்கி வந்தார்.

அக்காவிடம் நேரில் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு: "நீ வச்ச பொட்டுக்குத்தான் நான் பாலத்து மேல நின்னுக்கினு பேஜார் பட்டனா?" தலையைக் குனிந்துகொண்டேன். "நாளைக்கு வண்டில நீயும் ஏறு. நின்னுச்சுன்னா நீதான் தள்ளணும்."

நவம்பர் 7, வெள்ளி

காலை ஐந்தரை. பனி. முன்சீட்டில் அக்கா பக்கத்தில் நான், மடியில் பால் வாளி. பாலம் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தாண்டியது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார், மூன்று வாரத்தில் முதல் தடவை.

அடுத்த ஊரில் கேன் ஏற்ற நிறுத்தினோம். அக்காவின் போன் கிணுகிணுத்தது. 'புதிய போன் ஒன்று உங்கள் வண்டியில் சேர விரும்புகிறது. அனுமதிக்கலாமா?'

அவனேதான். இப்போதும் அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு எங்கோ உட்கார்ந்திருக்கிறான்.

அக்கா பால் ஈரத்தை முந்தானையில் துடைத்துவிட்டு நிதானமாகப் படித்தார். "இன்னாவாம் இவனுக்கு? என்னியே கேக்கறானா?"

"ஆமாக்கா. இனிமே உன்னக் கேட்டாத்தான் ஆவும்."

'வேண்டாம்' என்பதில் கட்டைவிரலை அழுத்தினார். அழுத்தியது போதாதென்று இன்னொரு தடவையும். பிறகு சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பிவிட்டது.